புழுதியா, சேறா, பரசூட்டா? படுவான்கரை மானாவாரி வயலுக்கு எது தோது

கட்டாரில் ஒன்பது வருசம் வேலை செய்துவிட்டு வந்திருக்கிற என் மச்சான் ஒருவன், மாமா விட்டுப்போன மூன்று ஏக்கர் வயலை இந்தப் பெரும்போகத்தில் (மாரிமழைக் காலத்து நெற்செய்கையில்) தானே செய்யப்போகிறானாம். இவ்வளவு காலமும் குத்தகைக்கு விட்டிருந்த காணி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வெல்லாவெளிப் பக்கம், குளத்துத் தண்ணீர் பாயாத வட்டை (வயல்வெளி), மழையை நம்பித்தான் எல்லாம். வந்து இருந்த இருப்பில் கேட்டான்: "மச்சான், எல்லாரும் பரசூட் பரசூட் எண்டுறானுகள், வீடியோவில பார்த்தா நல்லாத்தான் இருக்கு, நாமளும் அதைப் போடுவமா, இல்லாட்டி அப்பா செய்த மாதிரிப் புழுதியிலயே எறிவமா?"

அவனுக்கு அன்றைக்குச் சொன்னதையும், பிறகு வரம்பில் நின்று யோசித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் நாலு பேர் இருப்பார்கள். முறை மூன்று: காய்ந்த மண்ணில் நெல் எறிகிற புழுதி, சேற்றில் முளை நெல் எறிகிற சேறு, தட்டில் வளர்த்த நாற்றை எறிகிற பரசூட்.

முதலில் ஒன்று. எந்த முறையில் ஏக்கருக்கு எத்தனை மூடை விழும் என்று கேட்பதில் எங்கள் பக்கத்து மானாவாரிக் காணிக்குப் பெரிய பிரயோசனம் இல்லை. மூன்று முறையிலும் நல்லாக விளைந்த வயலை நான் பார்த்திருக்கிறேன், மூன்றிலும் ஒன்றும் இல்லாமல் போனதையும் பார்த்திருக்கிறேன். கேட்கவேண்டிய கேள்வி வேறு: நவம்பர் கடைசியில் அடைமழை பிடிக்கிறபோது உன் பயிருக்கு எத்தனை நாள் வயது இருக்கும்? மட்டக்களப்பில் வருசத்து மழையில் பெரும்பங்கு நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் கொட்டுகிறது. வாவியும் நிரம்பி, ஆறும் நிரம்பி, வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தை வெட்டித் திறக்கும்வரை பள்ளத்து வயல்களில் தண்ணீர் வடிய வழி இருக்காது. அந்தத் தண்ணீர் வருகிறபோது பயிர் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்குமா, உள்ளே கிடக்குமா என்பதுதான் கணக்கு.

சேற்று விதைப்பை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நான் அதில்தான் அடிபட்டேன். வயலைத் தண்ணீரில் ஊறவிட்டு, உழுது, மறுத்து உழுது, பலகை அடித்து மட்டமாக்கி, ஊறப்போட்டு முளை கட்டிய நெல்லை எறிவது. குளத்து வாய்க்கால் உள்ளவனுக்கு இதைவிட நல்ல முறை இல்லை என்றே சொல்வேன். முதல் உழவில் வந்த புல் எல்லாம் சேற்றுக்குள் அமிழ்ந்து அழுகும், பயிர் ஒரே மட்டமாக எழும்பும், தண்ணீரை வைத்தும் வடித்தும் களையை அடக்கலாம். ஆனால் வயலைச் சேறாக்கவே ஏறக்குறைய ஆறு முதல் எட்டு அங்குலம் தண்ணீர் வேண்டும். அது வானத்திலிருந்து வந்தாக வேண்டிய எங்களுக்கு ஒக்டோபர் கடைசி, நவம்பர் முதல் கிழமை ஆகிவிடும். பிறகு இரண்டு கிழமை உழவும் வரம்புக்கட்டும். அதனால் முளை நெல் நிலத்தில் விழுவது நவம்பர் நடுவில். அடைமழைக்கும் அதற்கும் இடையில் பத்து நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

2024இல் எனக்கு அந்தப் பத்து நாள் கிடைக்கவில்லை. நவம்பர் கடைசிக் கிழமை, பிறகு பெங்கல் புயலாக மாறிய அந்தத் தாழமுக்கம் எங்கள் கரையோரத்தை உரசிக்கொண்டு போனபோது, என் பள்ளத்து வரவையில் (வரம்பு கட்டிய வயல் துண்டில்) விதைத்து எட்டாம் நாள். தண்ணீர் வடிய ஆறு நாள் எடுத்தது. வடிந்த பிறகு போய்ப் பார்த்தால் மூலையில் வெள்ளை நூல் நூலாக ஒதுங்கிக் கிடக்கிறது, எல்லாம் என் முளைதான். நெல் தண்ணீர்ப் பயிர்தானே என்று நினைப்போம், ஆனால் முளைக்கிற நேரத்தில் மூழ்கினால் காற்று இல்லாமல் அந்த முளைக்குருத்து மட்டும் மேலே மேலே நீளும், வேர் கீழே இறங்காது, பிடி இல்லாததால் மிதந்து போய்விடும். அதே வட்டையில் எனக்கு மூன்று வரவை தள்ளி, ஒக்டோபர் முதலில் புழுதியில் விதைத்த அண்ணனின் பயிர் முழங்கால் உயரத்தில் நின்றது. அதுவும் இரண்டு மூன்று நாள் மூழ்கித்தான் எழும்பியது, இலை மஞ்சளித்தது, பிறகு யூரியா கொஞ்சம் போட்டதும் பச்சை திரும்பிவிட்டது. வேர் பிடித்த பயிருக்கும் முளைக்கும் வித்தியாசம் அவ்வளவு. (திரும்ப விதைத்தேனா என்று கேட்பீர்கள். விதைத்தேன், கடன்பட்டு. மறுகா அறுவடை மார்ச்சுக்குப் போய், மற்ற வயலெல்லாம் வெட்டி முடிந்த வட்டையில் என் துண்டு மட்டும் பச்சையாக நின்று, ஊர்க் குருவிக்கும் மாட்டுக்கும் நான்தான் சாப்பாடு போட்டேன்.)

புழுதி விதைப்பு என்றால் எங்கள் பெரியவர்கள் யோசித்துக் கண்டுபிடித்த முறை என்றுதான் எனக்குப் படுகிறது. செப்டெம்பரில் விழுகிற ஒன்றிரண்டு இடிமழையில் நிலம் கொஞ்சம் இளகும்போது முதல் உழவு. புல் முளைக்க விட்டு, காய்ந்தபின் திரும்ப உழவு. ஒக்டோபர் முதற் பகுதியில் காய்ந்த நெல்லையே, ஊறப்போடாமல், முளை கட்டாமல், எறிந்து கொழுவால் ஒரு ஓட்டு ஓட்டி மூடிவிடுவது. நெல் ஒரு அங்குல ஆழத்தில் மழைக்குக் காத்துக் கிடக்கும். நல்ல மழை ஒன்று விழுந்தால் ஒரு கிழமையில் வயல் பச்சை. சேறாக்கத் தேவைப்படுகிற தண்ணீர் முழுவதும் மிச்சம், மெசின் சேற்றில் உருளாததால் டீசலும் மிச்சம். நவம்பர் கடைசியில் பயிருக்கு 45, 50 நாள்.

இதில் ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன். பெரிய ஆபத்து பொய்மழை. கால் அங்குலம் தூறிவிட்டு இரண்டு கிழமை வெயில் எரித்தால், பாதி ஊறின நெல் மண்ணுக்குள்ளேயே செத்துப்போகும். மழை வராமலே கிடந்தால் எறும்பு இழுக்கும், புறா பொறுக்கும், மயில் வந்து காலால் கிளறி எடுக்கும். இப்போது மயில் எங்கள் பக்கம் பெருகிக் கிடக்கிறது. ஆழமாக விழுந்த நெல் வராது, மேலே கிடந்தது பறவைக்கு. அதனால் பாட்டம் பாட்டமாகத்தான் முளைக்கும். அந்தப் பயத்தில்தான் எங்கள் ஆட்கள் ஏக்கருக்கு நாலு புசல் வரை கொட்டுகிறார்கள். விவசாயத் திணைக்களம் எறி விதைப்புக்குச் சொல்வது இரண்டு புசல்.

இந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. ஆயிரம் நெல்மணி 25 கிராம் என்று வைத்தால், இரண்டு புசல் எறிந்தாலே சதுர அடிக்கு 38 மணி விழுகிறது. நாலு புசல் என்றால் 76, 77. மழை ஒழுங்காகப் பெய்து அவ்வளவும் முளைத்துவிட்டால்தான் உண்மையான தலைவலி. காற்றே போகாத நெருக்கம், மட்டை (அடியில் வெடிக்கிற பக்கத் தண்டு) பருக்காது, கதிர் சின்னது, அடியில் ஈரம் தங்கி, சாறு குடிக்கிற அறக்கொட்டியான் பூச்சி குடியேற அருமையான இடம். புழுதிக்கு மூன்று புசலுக்கு மேல் நான் போகமாட்டேன். பாட்டம் விட்ட இடத்துக்கு, நெருக்கமாக வந்த இடத்தில் பிடுங்கி நட்டுவிடலாம், மழைநாளில் அரைநாள் வேலை அது.

மற்றது களை. தண்ணீர் நில்லாத முதல் மாதத்தில் நெற்சப்பியும் கோரையும் நெல்லோடு போட்டி போட்டு எழும்பும். அதற்கு எண்ணெய் (களைநாசினி) அடிக்கலாம், கடையில் கேட்டால் பத்துப் போத்தலை எடுத்து வைப்பார்கள். ஆனால் களையாக முளைக்கிற பண்டி நெல்லுக்கு எதை அடிப்பது? அதுவும் நெல்தான், நம் வயல் நெல்லின் அதே இனம். அதைக் கொல்கிற எண்ணெய் பயிரையும் கொல்லும். 1990களில் அம்பாறைப் பக்கம் கண்டறியப்பட்டது, இப்போது இரண்டு மாவட்டத்திலும் அது இல்லாத வட்டையைக் காட்டினால் நான் நடந்தே வந்து பார்ப்பேன். சின்ன வயதில் பயிரையும் அதையும் பிரிக்கவே முடியாது. கதிர் வருகிறபோது ஒரு சாண் உயரமாக நின்று காட்டிக்கொடுக்கும், ஆனால் நீங்கள் கத்தியோடு போவதற்குள் மணி முற்றி உதிர்ந்துவிடும். உதிர்ந்தது உடனே முளைக்காமல் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்து அடுத்த போகத்திலோ அதற்கடுத்ததிலோ எழும்பும். அரிசியில் சிவப்பு மணியாக வந்து ஆலைக்காரன் விலையைக் குறைக்க ஒரு காரணமும் ஆகும். இது பரவுவதற்கு முதல் குற்றவாளி விதை நெல், இரண்டாவது வெட்டுமெசின். பக்கத்து வட்டையில் வெட்டிவிட்டு அப்படியே உங்கள் வயலுக்குள் இறங்குகிற மெசின் தன் வயிற்றுக்குள் அதையும் கொண்டுதான் வருகிறது. இறங்க முன் ஊதித் துப்பரவாக்கச் சொல்லுங்கள். முகத்தைச் சுளிப்பார்கள், பரவாயில்லை.

புழுதி விதைப்பைத் தொடர்ந்து செய்கிற வயலில் பண்டி நெல் ஏறிக்கொண்டே போகும், இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அங்கேதான் பரசூட்டின் பேச்சு வருகிறது.

பரசூட் முறை தெரியாதவர்களுக்கு: 434 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் சேறு நிரப்பி, குழிக்கு இரண்டு மூன்று நெல் போட்டு நாற்று வளர்ப்பது. 12 முதல் 15 நாளில் வேர் மண்ணைப் பிடித்து ஒரு சின்ன உருண்டையாக வந்துவிடும். அதைக் கையில் அள்ளி வயலில் மேலே எறிந்தால், பாரம் அடியில் இருப்பதால் வேர் கீழாக விழுந்து சேற்றில் குந்தும். குனிந்து நடுகிற வேலை இல்லை. கையால் நடுவதென்றால் ஏக்கருக்குப் பன்னிரண்டு பதினைந்து ஆள் வேண்டும், இதில் இரண்டு மூன்று பேர் ஒரு நாளில் முடித்துவிடுவார்கள். (கைநடவு மலைநாட்டுப் பக்கத்து வழக்கம், எங்கள் பக்கம் நடவு நட ஆள் தேடுவதும் ஒன்று, உன்னிச்சைக் குளத்தில் ஊசி தேடுவதும் ஒன்று. நாற்று நடுகிற இயந்திரம் பற்றி மச்சான் கேட்டான், அதற்குத் தாம்பாளம் மாதிரி மட்டமான வயலும் அளவான தண்ணீரும் வேண்டும், மானாவாரியில் விட்டுவிடலாம்.) விதை நெல் ஏக்கருக்கு 12, 15 கிலோ போதும். எறிகிறபோது பயிருக்கு ஏற்கனவே இரண்டு கிழமை வயது, வயலில் மெல்லிய தண்ணீர் நிற்கும், பண்டி நெல் முளைக்கத் தொடங்கும்போது நம் பயிர் முந்திவிட்டது. குத்துக் குத்தாக நிற்பதால் இடையில் எழும்புகிற எதுவும் அந்நியன் என்று கண்ணுக்குத் தெரியும், பிடுங்கலாம். எறி விதைப்பில் இந்த வசதி கிடையாது.

ஆக மொத்தம் அருமையான முறை, தண்ணீர் உங்கள் சொல்லைக் கேட்கும் என்றால். நவகிரி, உன்னிச்சை வாய்க்கால் உள்ளவர்கள், அங்கால் சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கம் சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் பாய்கிறவர்கள் செய்யட்டும், செய்யவேண்டும். மச்சான் பார்த்த வீடியோவும் அப்படி ஒரு வயலாகத்தான் இருக்கும். எங்களுக்கு என்ன நடக்கும் என்றால், நாற்றுப் போட்டு 15 நாளில் எறிய வேண்டும், அன்றைக்கு வயல் சேறாக இல்லாமல் காய்ந்து கிடந்தால் நாற்று தட்டிலேயே முற்றிப்போகும். நேர்மாறாக முழங்காலளவு தண்ணீர் நின்றால் எறிந்த உருண்டை குந்தாமல் மிதக்கும். நாற்றுக்குத் திகதி உண்டு, வானத்துக்குத் திகதி கிடையாது. அதுவும்போக தட்டு வாங்குகிற செலவு, வெயிலில் கிடந்தால் மூன்று நாலு போகத்தில் உடைகிற தட்டு. மூன்று ஏக்கருக்குத் தட்டு வாங்கி வைத்துக்கொண்டு மழையைப் பார்த்திருப்பதைவிட அந்தக் காசுக்கு வரம்பைக் கட்டலாம்.

இனி நெல்லின் வயது. இதை மறந்து முறையை மட்டும் தெரிவு செய்வதுதான் எங்கள் ஆட்கள் விடுகிற பிழை. நெல் எந்த இனமானாலும் கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து பூக்க ஏறக்குறைய ஒரு மாதம், பூத்ததிலிருந்து முற்ற இன்னொரு மாதம். மூன்று மாத நெல்லுக்கும் நாலு மாத நெல்லுக்கும் வித்தியாசம் அதற்கு முன்னால் உள்ள மட்டை வெடிக்கிற காலத்தில்தான். அதாவது அறுவடைத் திகதியிலிருந்து முப்பது நாள் பின்னுக்கு எண்ணினால் பூக்கிற நாள். அந்த நாளில் அடைமழை என்றால் மகரந்தம் கழுவுப்பட்டுப் பதர்தான் மிச்சம். ஒக்டோபர் முதலில் புழுதியில் விதைத்து மூன்று மாத பிஜி 300 போட்டால், டிசம்பர் முதல் கிழமையில் பூக்கும், ஜனவரித் தொடக்கத்தில் விளையும். 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் விளைந்து நின்ற எத்தனை ஆயிரம் ஏக்கர் தண்ணீருக்குள் முளைத்தது என்று வயதில் மூத்தவர்களிடம் கேளுங்கள். முந்தி விதைக்கிறவன் வயது கூடிய நெல்லைப் போட வேண்டும். பிந்தி விதைக்கிறவன் வயது குறைந்ததை. (பிஜி என்றால் பத்தலகொடையில், ஏடி என்றால் அம்பலாந்தோட்டையில் உருவாக்கியது என்று அர்த்தம், மச்சான் அது கம்பெனிப் பெயர் என்று நினைத்திருந்தான்.)

சரி, மூன்று ஏக்கருக்கும் ஒரே முறை ஏன்? அவன் காணி சரிவு. வடிகால் வாய்க்கால் கரையில் ஒரு ஏக்கர் பள்ளம், நடுவில் ஒன்று, மேட்டில் ஒன்று. நான் சொன்னது இதுதான். பள்ளத்தில் ஒக்டோபர் 8 வாக்கில் புழுதி விதைப்பு, நாலு மாத நெல், பிஜி 403 கிடைத்தால் நல்லது, தேடித்தான் எடுக்க வேண்டும், எல்லாரும் மூன்றரை மாதத்துக்குப் போய்விட்டார்கள். நடுவில் ஒக்டோபர் 20 வாக்கில் அதே புழுதி, மூன்றரை மாதம், வெள்ளை வேண்டுமென்றால் பிஜி 352, சிவப்பு வேண்டுமென்றால் ஏடி 362. மேட்டில் வெள்ளப் பயம் இல்லை, நவம்பர் மழையில் வரம்பைக் கட்டித் தண்ணீரைப் பிடித்து, நடுப்பகுதியில் சேற்று விதைப்பு, மூன்று மாத நெல். மேடு பெப்ரவரியில் முதலில் காயும், அதற்குள் பயிர் முடிந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் மூன்று மாதம்.

எண்ணிப் பார்த்தால் பள்ளம் பெப்ரவரி 5, நடு பெப்ரவரி 2, மேடு பெப்ரவரி 13. புழுதியில் நாள் எண்ணுவது விதைத்த அன்றிலிருந்து அல்ல, முளைக்கிற மழை விழுந்த அன்றிலிருந்து, அதனால் ஒரு கிழமை அங்கால் இங்கால் ஆகும். ஆனாலும் மூன்று துண்டும் ஒரு பத்துப் பதினைந்து நாளுக்குள் விளையும். வெட்டுமெசின் ஒருதரம் வந்தால் போதும். யானைக் காவலும் அப்படித்தான். வட்டை முழுவதும் ஒன்றாக விளைந்தால் வாடிக்கு வாடி (காவல் குடில்) ஆள் இருக்கும், நெருப்பு இருக்கும், ஒருவன் கூப்பிட்டால் பத்துப் பேர் வருவார்கள். தனியே பிந்தி விளைகிறவன் வயலுக்கு யானையும் தனியே வரும், காவலுக்கு அவனும் தனியே.

புழுதிக்கு உரம் பற்றி ஒரு வார்த்தை. காய்ந்த மண்ணில் யூரியாவைப் போட்டு உழாதீர்கள், முதல் பெருமழையோடு போய்விடும். முளைத்து இரண்டு கிழமையில் களையைப் பார்த்துவிட்டுப் போட்டால் போதும். 2021இல் மே மாதம் இரசாயன உரத்தையும் மருந்தையும் தடைசெய்து நவம்பரில் திரும்ப விட்டார்களே, அந்தப் போகத்தில் உரம் கிடைக்காமல் கைப்பிடி கைப்பிடியாகப் பிரித்துப் போட்டபோதுதான் எனக்கே தெரிந்தது, முன்பு நான் போட்டதில் எவ்வளவு வாய்க்காலுக்குப் போயிருக்கும் என்று.

சிறுபோகம் மச்சானுக்குக் கிடையாது, குளத்துத் தண்ணீர் இல்லாத காணி. அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

பரசூட்டை அவன் முழுக்கக் கைவிடவில்லை, கைவிட நானும் சொல்லவில்லை. மேட்டில் கிணற்றடியோடு கால் ஏக்கர் இருக்கிறது, மோட்டர் வைத்துத் தண்ணீர் விடலாம். அதில் பரசூட் போட்டு, பண்டி நெல்லைக் கையாலே பிடுங்கி, அந்த நெல்லை அடுத்த வருசத்துக்கு விதையாக எடுத்து வைப்பது. வெட்டுமெசினை அதற்குள் விடாமல் கையால் வெட்ட வேண்டும். தட்டும் அந்த அளவுக்கு இரவல் வாங்கிக்கொள்ளலாம், தெரிந்த ஒருவரிடம் இருக்கிறது.

இப்போது இழுபறியாக இருப்பது ஒரே ஒரு விசயம்தான், அது மாடு. ஒக்டோபர் 8இல் விதைப்பதென்றால் அதற்கு முன் வட்டைக்குள் மேய்கிற மாடெல்லாம் வெளியேறி மேய்ச்சல் தரைக்குப் போயிருக்க வேண்டும். அந்தத் திகதியைப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில்தான் தீர்மானிப்பார்கள், போன முறை ஒக்டோபர் 15 என்று வைத்தார்கள். மச்சான் வட்டை விதானையை (வட்டைக்குப் பொறுப்பானவரை) பார்க்கப் போயிருக்கிறான். திகதியை முன்னுக்கு இழுக்க முடியாவிட்டால் பள்ளத்துத் துண்டுக்கு மட்டும் முள்கம்பி அடிக்க வேண்டி வரும், இரண்டு பக்கம் ஏற்கனவே அடித்திருக்கிறது, மற்ற இரண்டு பக்கத்துக்குக் கட்டை வெட்டத் தொடங்கிவிட்டோம்.